கல்லூரித் தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் பெறுவது எப்படி? தர்மபுரி மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பார்வைக் குறைபாடோ கை கால் பாதிப்போ உள்ள பிள்ளைகள் கல்லூரியில் சேரும்போது, இடம் கிடைத்துவிட்டால் போதும் என்று வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள். இடம் கிடைப்பது ஒப்பீட்டளவில் சுலபம். முதல் செமஸ்டர் தேர்வில்தான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. நான் பாலக்கோடு பக்கத்துக்காரன். தர்மபுரி மாவட்டத்தில் ஓர் அரசுக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு முடித்தேன். எனக்கு விழித்திரை நோய். நேர் எதிரே சிறு வட்டம் அளவுக்குத்தான் தெரியும், பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது, பொழுது சாய்ந்தால் அதுவும் போய்விடும். மூன்று வருடத்தில் அலுவலகங்களில் கற்றுக்கொண்டதை, இந்த வருடம் சேர்கிறவர்களுக்காக வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஆனால் தேர்வறைக் கண்காணிப்பாளருக்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. அவருக்குத் தேவை முத்திரையும் கையெழுத்தும் உள்ள ஒரு தாள். கீழே சொல்லியிருப்பதெல்லாம் அந்தத் தாளை எப்படி வாங்குவது என்பதைப் பற்றித்தான்.

1. யு.டி.ஐ.டி. அட்டை: பிளஸ் டூ முடிப்பதற்குள் வாங்குங்கள்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன்படி, 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ளவர்களுக்குத்தான் பெரும்பாலான சலுகைகள். அந்தச் சதவீதத்தைக் காட்டும் தேசிய அட்டைதான் யு.டி.ஐ.டி. ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் கிடையாது. ஆதார், புகைப்படம், கையொப்பம் அல்லது கைரேகை, ஏற்கெனவே உள்ள மருத்துவக் குறிப்புகள் ஆகியவை வேண்டும். இ-சேவை மையத்திலோ பிரவுசிங் சென்டரிலோ பதிவு செய்தால் அவர்கள் கேட்கும் சிறு தொகை மட்டுமே செலவு. யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டு "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பதிவு செய்யும்போது மருத்துவமனையைத் தேர்வு செய்யச் சொல்லும். தர்மபுரிக்காரர்களுக்கு அரசு தர்மபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அரசு கிருஷ்ணகிரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வசதி. கண், காது, எலும்பு என்று ஒவ்வொரு பிரிவுக்கும் மதிப்பீட்டு நாள் வேறு வேறாக இருக்கும். அதைக் கேட்டுக்கொண்டு போங்கள். ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டாலும் சொல்வார்கள்.

சான்றிதழ் தர மருத்துவ அதிகாரிக்கு மூன்று மாதம் வரை அவகாசம் உண்டு என்று 2024இல் விதியை மாற்றியிருக்கிறார்கள். அதனால் மே மாதம் தேவைப்படும் அட்டைக்கு ஜனவரியிலேயே விண்ணப்பித்துவிட வேண்டும்.

கண் பாதிப்பு உள்ளவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லும் சோதனை மட்டும் நடந்தால், என்னைப் போன்றவர்கள் கடைசிக்கு முந்தைய வரி வரை படித்துவிடுவோம். நடுப்பார்வை நன்றாக இருப்பதால் சதவீதம் குறைந்துவிடும். குறைப்பார்வை என்பதற்குச் சட்டத்தில் இரண்டு அளவுகோல்கள் உண்டு. ஒன்று பார்வைக் கூர்மை, இன்னொன்று பார்வைப் புலம், அதாவது கண்ணை அசைக்காமல் எவ்வளவு அகலம் தெரிகிறது என்பது. புலம் 40 பாகைக்குக் குறைந்திருந்தாலே குறைப்பார்வைதான். ஆகவே "பார்வைப் புலச் சோதனையும் எடுக்க வேண்டும்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஏற்கெனவே தனியார் கண் மருத்துவமனையில் எடுத்த அறிக்கை இருந்தால் அதையும் கொண்டு போங்கள்.

அன்று கட்டாயம் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். கண் பாவையை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். அதன்பிறகு சில மணி நேரத்துக்கு எல்லாம் பனிமூட்டம்தான். வெளியே வெயிலில் கண்ணைத் திறக்க முடியாது. அந்த நிலையில்தான் ஒரு படிவத்தை நீட்டி, "படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடு தம்பி" என்பார்கள். கண் பிரிவில் இப்படி நடப்பது எனக்கு இன்றுவரை வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

ஒரு கண் மட்டும் முழுக்கப் போய், மறு கண் நன்றாக இருப்பவர்களுக்கு 30 சதவீதம்தான் வரும். இட ஒதுக்கீட்டுக்கு அது போதாது. ஆனால் மனம் தளர வேண்டாம். தேர்வு வசதிக்கு வேறு வழி இருக்கிறது, நான்காவது படியில் சொல்கிறேன்.

2. கல்லூரி விண்ணப்பம்

அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளுக்கெல்லாம் சேர்த்து டி.என்.ஜி.ஏ.எஸ்.ஏ. இணையதளத்தில் விண்ணப்பம். விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 2 ரூபாய் மட்டும். வீட்டில் இணைய வசதி இல்லையென்றால் அரசுக் கல்லூரிகளிலேயே உதவி மையம் வைத்திருப்பார்கள்.

அரசுக் கல்லூரிகளில் குறைந்தது 5 சதவீத இடம் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்க வேண்டும். இந்த இடங்களுக்கான கலந்தாய்வு பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே, சிறப்பு ஒதுக்கீட்டு நாளில் நடந்துவிடும். விண்ணப்பத்தில் சிறப்புப் பிரிவு கட்டத்தைத் தேர்வு செய்யாமல் விட்டவர்களையும், தேதி தெரியாமல் பொதுக் கலந்தாய்வுக்கு வந்து நின்றவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். விண்ணப்பித்த மறுநாளிலிருந்தே கல்லூரி அறிவிப்புப் பலகையையும் உங்கள் கைப்பேசிக் குறுஞ்செய்தியையும் கவனியுங்கள்.

சாதிச் சான்றிதழ் இல்லாதவர்கள் கலந்தாய்வு வாரத்தில் ஓடுவது வருடாவருடம் நடக்கிறது. இ-சேவையில் ஒரு சான்றிதழுக்கு 60 ரூபாய். எஸ்.டி. சான்றிதழை மட்டும் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். கள விசாரணையும் இருப்பதால் தாமதமாகும். சித்தேரி, வத்தல்மலை, தேன்கனிக்கோட்டை மலைப்பகுதிப் பிள்ளைகள் இதைப் பத்தாம் வகுப்பிலேயே முடித்து வைத்துக்கொள்வது நல்லது.

சேரும்போது அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் கொடுங்கள், சரிபார்த்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அசலைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே சொல்லிவிட்டது. மாற்றுச் சான்றிதழ் மட்டும் கல்லூரியில் தங்கும், அது வழக்கம்தான்.

3. சேர்ந்த முதல் வாரம்: முதல்வருக்கு ஒரு கடிதம்

இந்தப் படியை யாரும் சொல்லித் தருவதில்லை. துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னால் அவர் அன்பாகத் தலையாட்டுவார், "தம்பி, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பார். உண்மையாகவே பார்த்தும்கொள்வார், இடமாறுதல் வரும் வரை. அதன்பிறகு வருகிறவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

ஆகவே முதல்வருக்கு ஒரு பக்கக் கடிதம், துறைத் தலைவர் வழியாக. இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றை அலுவலகத்தில் கொடுத்து, மற்றொன்றில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். வாசகம் இப்படி இருக்கலாம்:

"ஐயா, நான் இளங்கலை வரலாறு முதலாம் ஆண்டு மாணவன். எனக்குப் பார்வைக் குறைபாடு உள்ளது, யு.டி.ஐ.டி. அட்டை நகலை இணைத்துள்ளேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன்படி எனக்குக் கீழ்க்கண்ட ஏற்பாடுகள் தேவை: வகுப்பில் முன் வரிசை இருக்கை, பாடக் குறிப்புகளைக் கைப்பேசியில் படம் எடுக்க அனுமதி, உள்மதிப்பீட்டுத் தேர்விலும் செமஸ்டர் தேர்விலும் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும். இவற்றைப் படிப்புக் காலம் முழுமைக்கும் அனுமதித்து எழுத்துப்பூர்வமாக ஆணையிடும்படி கேட்டுக்கொள்கிறேன்."

"படிப்புக் காலம் முழுமைக்கும்" என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். இல்லையென்றால் ஒவ்வொரு செமஸ்டருக்கும் இதே வேலை.

என்ன தேவை என்பதை நீங்களே முடிவு செய்து எழுதுங்கள். பார்வைக் குறைபாடு என்றதும் வினாத்தாளைப் பெரிய எழுத்தில் அச்சடித்துத் தருவதாகச் சொல்வார்கள். பலருக்கு அது வரப்பிரசாதம். எனக்கோ தொல்லை. என் வட்டத்துக்குள் சின்ன எழுத்தில் நாலு சொல் தெரியும், பெரிய எழுத்தில் ஒரு சொல்தான் அடங்கும். இது எனக்குத்தான் தெரியும், கல்லூரிக்கு எப்படித் தெரியும்? காது கேட்பதில் சிரமம் உள்ளவர்கள் ஆசிரியரின் குறிப்பை எழுத்தாகக் கேளுங்கள். சக்கர நாற்காலியிலோ ஊன்றுகோலிலோ வருகிறவர்கள் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். மின்தூக்கி கட்ட நிதி இல்லை என்று சொல்லலாம், இரண்டு வகுப்புகளின் அறையை மாற்றிக்கொள்ள நிதி தேவையில்லை.

4. தேர்வு ஏற்பாடு: குறைந்தது இரண்டு மாதம் முன்பே

செமஸ்டர் தேர்வுகள் பொதுவாக நவம்பரிலும் ஏப்ரலிலும் வரும். அப்படியானால் செப்டம்பரிலும் பிப்ரவரியிலும் வேலையைத் தொடங்க வேண்டும். பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள கல்லூரி என்றால், விண்ணப்பம் முதல்வர் பரிந்துரையுடன் சேலத்தில் உள்ள தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குப் போக வேண்டும்.

நான் படித்தபோது, மத்திய அரசு 2018 ஆகஸ்டில் வெளியிட்ட எழுத்துத் தேர்வு வழிகாட்டுதல்தான் அடிப்படை ஆவணம். 2025 ஆகஸ்டில் புதிய வழிகாட்டுதல் வந்திருப்பதால், உங்கள் தேர்வுக்கு எது பொருந்தும் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டையும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 2018 தாளிலிருந்து தெரிந்திருக்க வேண்டியவை:

ஒரு மணி நேரத் தேர்வுக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரம். மூன்று மணி நேரத் தேர்வு என்றால் ஒரு மணி நேரம். எழுதுபவரை வைத்துக்கொள்ளாமல் தானே எழுதுகிறவர்களுக்கும் இது உண்டு. "ஆள் வைத்துக்கொண்டால்தான் நேரம்" என்று சொன்னால் அந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

எழுதுபவரை நீங்களே அழைத்து வரலாம், அல்லது தேர்வு நடத்துகிறவர்களிடம் கேட்கலாம். எது வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அவர்கள் ஏற்பாடு செய்தால், தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு அவரைச் சந்தித்துப் பேசிப் பார்க்க உங்களுக்கு வாய்ப்புத் தர வேண்டும். வெவ்வேறு பாடங்களுக்கு வெவ்வேறு ஆளை வைத்துக்கொள்ளலாம். அவசரத்தில் ஆளை மாற்றவும் இடமுண்டு. தேர்வறை கூடியவரை தரைத்தளத்தில் இருக்க வேண்டும்.

பார்வையின்மை, இரு கைகளும் பாதிக்கப்பட்ட நிலை, மூளை முடக்குவாதம் ஆகியவற்றுக்குக் கேட்டாலே எழுதுபவரைத் தர வேண்டும். மற்றப் பிரிவினர் "எழுதுவதில் உடல்ரீதியான சிரமம் உள்ளது" என்று அரசு மருத்துவமனையின் தலைமை மருத்துவ அலுவலர் நிலையில் உள்ளவரிடம் சான்று வாங்க வேண்டும். அதற்குரிய படிவம் வழிகாட்டுதலின் பின்னிணைப்பிலேயே இருக்கிறது. வெள்ளைத்தாளில் எழுதி வாங்கி வந்தால் திருப்பி அனுப்புவார்கள். படிவத்தை அச்செடுத்து, உங்கள் பெயர், முகவரியைப் பூர்த்தி செய்து கொண்டு போங்கள்.

இனி 40 சதவீதத்துக்குக் குறைந்தவர்கள். எழுத்துத் தசைப்பிடிப்பு (எழுதும்போது கைத்தசை இறுகிக்கொள்ளும் பாதிப்பு) உள்ள ஒருவர் தொடுத்த வழக்கில், 40 சதவீதம் இல்லை என்ற காரணத்துக்காக எழுதுபவரை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. விகாஷ் குமார் வழக்கு என்று சொல்வார்கள். அதைத் தொடர்ந்து 2022 ஆகஸ்டில் இவர்களுக்கென்றே தனி வழிகாட்டுதல் வந்தது. எழுதுவதில் சிரமம் உண்டு என்ற மருத்துவச் சான்று இருந்தால் எழுதுபவரும் கூடுதல் நேரமும் கேட்கலாம். கல்லூரி அலுவலகங்களில் 2018ஆம் வருடத்துத் தாளே பலருக்குத் தெரிவதில்லை. 2022ஐ நீங்கள்தான் கையில் கொண்டு போக வேண்டும்.

அனுமதி ஆணை வந்ததும் அதில் மூன்றைப் பாருங்கள்: உங்கள் பதிவு எண், கூடுதல் நேரத்தின் அளவு, எழுதுபவருக்கான அனுமதி. "தேவையான வசதிகள் செய்து தரப்படும்" என்று பொதுவாக எழுதியிருந்தால் திருத்தி வாங்குங்கள். ஆறு பிரதி எடுத்து வையுங்கள்.

5. எழுதுபவரைத் தேடுவது

எல்லாவற்றிலும் கடினமான படி இதுதான். 2018 வழிகாட்டுதலின்படி, நாமே ஆள் அழைத்து வந்தால், அவருடைய படிப்பு நம் படிப்புக்கு ஒரு படி கீழே இருக்க வேண்டும். அவருடைய மதிப்பெண் பட்டியல் நகல், புகைப்படம், நாம் கையெழுத்திடும் உறுதிமொழிப் படிவம் ஆகியவற்றை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். படிப்பை மறைத்து அழைத்து வந்தது தெரிந்தால் பாதிப்பு நமக்குத்தான். அண்ணன் எம்.ஏ. படித்திருக்கிறார், அவரையே உட்கார வைக்கலாம் என்ற யோசனை வீட்டில் வரும். வேண்டவே வேண்டாம்.

முதலில் தோன்றுவது கல்லூரி ஜூனியர் மாணவர்கள். ஆனால் உங்களுக்குத் தேர்வு நடக்கும் நாட்களில் அவர்களுக்கும் தேர்வு. முற்பகல், பிற்பகல் அட்டவணை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் யார் எந்த நாள் வர முடியும் என்று தெரியும். உங்கள் கூடுதல் ஒரு மணி நேரத்தையும் கணக்கில் சேருங்கள். பத்து மணித் தேர்வு உங்களுக்கு இரண்டு மணிக்குத்தான் முடியும். இரண்டு மணிக்கே தன் தேர்வுக்கு ஓட வேண்டிய பையனை உட்கார வைத்தால் கடைசிக் கேள்விக்கு அவன் கையெழுத்து எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிளஸ் டூ முடித்துவிட்டு அடுத்த படிப்புக்கோ வேலைக்கோ காத்திருப்பவர்கள்தான் சரியான ஆட்கள். ஊர் நூலகத்தில், போட்டித் தேர்வுக்குப் படிக்க வருகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அரசுத் தேர்வுக்கே தயாராகிறவர்களுக்கு இந்த உதவியின் மதிப்பு நன்றாகவே தெரியும். பஸ் செலவும் மதியச் சாப்பாடும் நம் பொறுப்பு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எப்போதும் மாற்று ஆள் ஒருவர் தயாராக இருக்கட்டும், அவருடைய நகல்களும் கோப்பில் இருக்கட்டும்.

ஆள் கிடைத்ததும் பழைய வினாத்தாளை வைத்து இரண்டு மூன்று முறை ஒத்திகை பாருங்கள். சொல்லி எழுத வைப்பது தனிக் கலை. நான் "இரண்டாம் புலிகேசி" என்று சொல்லி முடிப்பதற்குள் என் நண்பன் எண் 2 போட்டுப் புலிகேசி எழுதிவிடுவான். பெயர்களுக்கு அப்படி எழுதலாமா கூடாதா என்று முன்பே பேசிக்கொள்ள வேண்டும். "புதுப் பத்தி", "அடிக்கோடு", "இதைத் தலைப்பாக எழுது" என்பவற்றையும் பழக்க வேண்டும். தமிழ்ப் பாடத் தேர்வு என்றால் ஒற்றுப் பிழை விடாதவராகப் பாருங்கள். வணிகவியல் மாணவர்கள் கோடு போட்டுக் கட்டம் கட்டத் தெரிந்தவரைப் பாருங்கள். வேகம் எப்படி என்றும் தெரிந்துகொள்ளுங்கள். நாம் யோசிக்கும் நேரத்தைவிட அவர் எழுதும் நேரம்தான் அதிகம் தின்னும்.

6. தேர்வு நாளில்

அரை மணி நேரம் முன்னதாகத் தலைமைக் கண்காணிப்பாளர் அறைக்குப் போங்கள். ஹால் டிக்கெட், யு.டி.ஐ.டி. அசல், அனுமதி ஆணை, எழுதுபவரின் அடையாள அட்டை எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். ஆணையின் ஒரு பிரதியை அவரிடமும், ஒன்றை அறைக் கண்காணிப்பாளரிடமும் கொடுங்கள். "எனக்கு முடிவு நேரம் இரண்டு மணி" என்று இருவரிடமும் தேர்வு தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

ஏன் இவ்வளவு என்றால், முதல் செமஸ்டரில் எனக்கு வாய்மொழியாகச் சொல்லப்பட்டிருந்த கூடுதல் நேரம் ஒரு மணிக்கு மணி அடித்ததும் காணாமல் போனது. சொன்னவர் அன்று விடுப்பு. வந்தவர் கையில் ஆணை இல்லை. வெளியே விடைத்தாள் கட்டைக் கட்ட நூலும் அரக்குமாக ஊழியர் நின்றுகொண்டிருந்தார். "தம்பி, போனில் எல்லாம் படிக்கிறாயே, கண் நன்றாகத்தானே தெரிகிறது?" என்றபடி கண்காணிப்பாளர் தாளை வாங்கிக்கொண்டார். அவருக்குப் பார்வைப் புலம் பற்றி வகுப்பெடுக்க அது நேரமில்லை. அந்தத் தாள் அரியர் ஆகி, அடுத்த முறை ஆணையோடு எழுதித்தான் தேறினேன்.

பிற்பகல் தேர்வு உங்களுக்கு ஆறு மணிக்குத்தான் முடியும். நவம்பரில் அதற்குள் இருட்டிவிடும். மாலைக்கண் உள்ளவர்களும், பென்னாகரம், அரூர் தாண்டி உள்ளே போக வேண்டியவர்களும் திரும்பும் பஸ்ஸையும் துணையையும் முன்பே ஏற்பாடு செய்யுங்கள். சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் டிக்கெட் இல்லை.

7. பணம்

அரசுக் கல்லூரியில் கட்டணம் கட்டும் முன், மாற்றுத்திறனாளிக் கட்டண விலக்கு பற்றி அலுவலகத்தில் கேளுங்கள். கட்டிவிட்டுத் திரும்பக் கேட்பது பெரும்பாடு. மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் கல்வி உதவித்தொகை பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய், முதுகலைக்கு 14,000 ரூபாய். பார்வைத்திறன் குறைந்தவர்களுக்கு வாசிப்பாளர் உதவித்தொகை தனியாக உண்டு. அரசுப் பள்ளியில் 6 முதல் பிளஸ் டூ வரை படித்தவர்கள் என்றால் மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்.

பணம் வராமல் போவதற்கு வழக்கமான காரணம் வங்கிக் கணக்குதான். ஆதாரோடு இணைத்த கணக்கில்தான் பணம் ஏறும். பள்ளியில் அம்மாவோடு சேர்த்துத் தொடங்கிய பழைய கணக்கு எங்கோ முடங்கிக் கிடக்கும், ஆதார் அதில் இணைந்திருக்கும், நாம் புதுக் கணக்கைப் பார்த்துக்கொண்டு காத்திருப்போம். வங்கியில் கேட்டு எந்தக் கணக்கு என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

8. மறுத்தால்

"முடியாது" என்ற பதிலை எழுத்தில் கேளுங்கள். பல "முடியாது"கள் அந்த இடத்திலேயே "பார்க்கலாம்" ஆகிவிடும்.

ஆகவில்லையென்றால், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 விதிகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். புகார் கிடைத்த 15 வேலை நாட்களுக்குள் அது அறிக்கை தர வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். தேர்வு நெருங்கிவிட்டால் இந்த வழி தாமதம். அப்போது திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். அதே நாளில் அதே வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரையும் நேரில் பார்த்துவிடலாம். அவரிடமிருந்து கல்லூரிக்குப் போகும் ஒரு தொலைபேசி அழைப்பு, நம் பத்து மனுக்களைவிட வேகமாக வேலை செய்யும். வர முடியாதவர்கள் 1100 என்ற எண்ணில் பதிவு செய்யலாம். இவற்றுக்கும் அசையாவிட்டால் சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எல்லா நகல்களையும் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள்.

விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று தெரியவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பல்கலைக்கழகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால் 30 நாளில் பதில் தர வேண்டும். கேள்வி நீளமாக வேண்டாம். இன்ன தேதியில் முதல்வர் அனுப்பிய கடிதம் பல்கலைக்கழகத்துக்கு என்று வந்தது, யாருடைய மேசையில் இருக்கிறது, என்ன முடிவெடுக்கப்பட்டது என்று மூன்று வரி போதும்.